தேய்வதற்கென்று பிறந்த கலை

இலண்டன் மாநகரத்தில் உள்ள விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கம்பளம் இருக்கிறது. அர்தபில் கம்பளம் என்பது அதன் பெயர். பத்தரை மீட்டர் நீளமும் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடையது. ஈரான் நாட்டின் அர்தபில் நகரில் ஷெய்கு ஸஃபியுத்தீன் அவர்கள் அடங்கியிருக்கும் இடத்துக்கென நெய்யப்பட்டதாகக் கருதப்படுவது. அதன் ஒரு முனையில் மக்ஸூத் காஷானி என்னும் பெயரும் ஹிஜ்ரி 946 என்னும் ஆண்டும் நெசவிலேயே பதிந்திருக்கின்றன. கி.பி. கணக்கில் அது 1539–40. 1893ஆம் ஆண்டில் 2,000 பவுன் கொடுத்து அதனை வாங்கினார்கள். வெளிச்சம் மிகுந்தால் சாயம் மங்கிவிடும் என்று அஞ்சி, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கை ஏற்றுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் அது மங்கலான ஒளியில் கண்ணாடிக்குள் உறங்குகிறது.

அந்தச் சிறப்பு அதற்குத் தகும், மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் வேறொன்றைத் தேடிப் போகிறது. அதே நகரத்தில், அதே ஆண்டில், கம்பளம் வாங்க வழியில்லாத வீடுகளில் விரித்திருந்த பாய்கள் என்னவாயின? அவற்றை நெய்தவர்களின் பெயர் என்ன? எந்த அருங்காட்சியகம் அவற்றுக்கு விளக்கேற்றி வைத்தது?

பாய் என்பது புல். புல் மக்கும். அதன்மேல் மனிதர் படுப்பர், உண்பர், தொழுவர், நோயுற்றுக் கிடப்பர். ஓரம் பிய்ந்தால் சமையற்கட்டுக்குப் போகும். அங்கும் நைந்தால் நெல் உலர்த்தப் போகும். இறுதியில் அடுப்புக்குப் போகும். ஒன்றும் மிஞ்சாது. கம்பளத்தைப் பற்றி நூலகம் நிறைய நூல்கள் உண்டு. பாயைப் பற்றி எழுத உட்கார்ந்தாலோ ஒரு கைப்பிடிச் செய்தி தேறுவதே அரிது. அந்தக் கைப்பிடியையும் என் குடும்பத்தில் நான் கண்டதையும் சேர்த்து ஈண்டு எழுத முற்படுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் பாய் என்பது தரையில் விரிப்பதற்கும் பெயர். கப்பலில் காற்றைப் பிடிப்பதற்கும் பெயர். ஒரு காலத்தில் இந்துமாக் கடலில் ஓடிய மரக்கலங்கள் பலவற்றில் ஓலையால் முடைந்த பாய்களே சிறகுகளாக விரிந்தன. ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்ததில் வியப்பொன்றுமில்லை. இவற்றோடு, உடன்பிறந்தார் என்னும் பொருளில் வடக்கேயிருந்து வந்த சொல்லும் தமிழ் எழுத்தில் இதே வடிவத்தைப் பெற்றுவிட்டது. அதனால் 'பாய் வீட்டுப் பாய்' என்று பள்ளித் தோழர்கள் என்னைக் கேலி செய்ததுண்டு. கேலியானாலும் அதில் பொய்யில்லை. திருநெல்வேலிச் சீமையில் பாய் நெய்து புகழ் பெற்றவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே.

மலாய் மொழியில் பாய்க்குத் 'திக்கார்' என்று பெயர். வணிகம் நொடித்துப்போனால் 'பாயைச் சுருட்டிவிட்டார்' என்பது அவர்கள் வழக்கு. நாமும் பாயைச் சுருட்டுவது பற்றிப் பேசுகிறோம். ஊரைவிட்டுப் புறப்பட்டவனைப் பற்றி அப்படிச் சொல்கிறோம். மாதக்கணக்கில் எழ முடியாதவரைப் 'பாயும் படுக்கையுமாக இருக்கிறார்' என்கிறோம். மனிதனின் நல்லதும் பொல்லதும் பாயோடு எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பிறந்த குழந்தையைக் கிடத்தியதும் பாயில்தான். எங்கள் ஊர்ப்பக்கத்தில் மையித்தைக் குழியில் வைத்துப் பலகை பரப்பிய பின்னர், மண் உள்ளே உதிராதிருக்க அதன்மேலும் ஒரு பாயை விரிப்பார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் பாய் வருகின்ற இடங்கள் இரண்டு என் நெஞ்சில் நிற்பவை. ஒன்றை எல்லாரும் அறிவோம். உமர் (ரலி) அவர்கள் பெருமானாரைக் காண வந்தபோது, விரிப்பு ஏதுமின்றிப் பாயில் படுத்திருந்த அவர்களின் விலாவில் பாயின் தடம் பதிந்திருப்பதைக் கண்டு அழுதார்கள். அரசர்களின் மெத்தைகளை எண்ணி வந்த கண்ணீர் அது. மேடைகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

மற்றொன்று அத்துணை பேசப்படுவதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் பெருமானாரை விருந்துக்கு அழைத்தார்கள். உணவு முடிந்ததும் பெருமானார் தொழுகை நடத்த எழுந்தார்கள். விரிப்பதற்கு வீட்டில் இருந்தது ஒரு பழம்பாய். நெடுநாள் பயன்பட்டுக் கறுத்துப்போனது அது. அனஸ் அவர்கள் அதன்மேல் நீரைத் தெளித்து எடுத்து வந்தார்கள். அதன்மீதே தொழுகை நடந்தது. அறிவிப்பாளர் அந்தப் பாயின் நிறத்தை மறவாமல் சொல்கிறார் பாருங்கள்! பாய் கறுத்திருந்தது என்பது ஒரு குடும்பம் அதன்மேல் எத்தனை காலம் வாழ்ந்தது என்பதற்கான கணக்கு.

இசுலாமிய நாகரிகம் ஓங்கி நின்ற காலத்தில் பாய் எளியவர்களோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஷத்துல் அரபு ஆற்றின் கரையில் அப்பாதான் என்னும் ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் உலகம் அதனை அறிந்தது. ஆனால் 982ஆம் ஆண்டில் எழுதப்பட்ட 'ஹுதூதுல் ஆலம்' என்னும் பாரசீகப் புவியியல் நூல் அவ்வூரைப் பற்றிச் சொல்லும்போது எடுத்துரைப்பது அங்கிருந்து வரும் பாய்களைத்தான். அப்பாதான் பாய் என்பது அந்நாளில் ஒரு தரத்தின் பெயர். நம்மவர் பத்தமடைப் பாய் என்று சொல்வதைப் போல.

1047ஆம் ஆண்டில் நாஸிர் குஸ்ரு என்னும் பாரசீகப் பயணி ஃபலஸ்தீனத்தின் வழியே சென்றார். ஏரிக்கரையில் உள்ள தபரிய்யா நகரில் புல்லால் தொழுகைப் பாய்கள் செய்கிறார்கள் என்றும், ஒரு பாய் அவ்வூரிலேயே ஐந்து பொற்காசுக்கு விலைபோகிறது என்றும் தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். ஐந்து தீனார்! புல்லுக்கு அந்த விலை யாரும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தது கைக்கு.

அந்தக் கை எத்தகையது என்று பார்க்க இன்று நமக்குக் கிடைத்திருப்பது மிகச் சிறிது. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தில் பெனாகி அருங்காட்சியகத்தின் இசுலாமியக் கலைப் பிரிவில், பத்தாம் நூற்றாண்டில் தபரிய்யாவில் நெய்த பாய் ஒன்று இருக்கிறது. உரிமையாளருக்கு நல்வாழ்த்துக் கூறும் கூஃபி எழுத்துகள் அதில் நெய்யப்பட்டுள்ளன. தபரிய்யாவின் தனியார் நெசவுக்கூடத்தில் செய்தது என்றும் அந்த எழுத்தே சொல்கிறது. புல்லில் எழுத்தைக் கொண்டுவருவது எத்துணைக் கடினம் என்பதை நெய்யும் கையைக் கிட்டத்தில் இருந்து கண்டவர்தான் உணர முடியும். அத்தனை வீடுகளும் பள்ளிவாசல்களும் விரித்த பாய்களுள் நம் காலம்வரை வந்து சேர்ந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாதானிலும் தபரிய்யாவிலும் நெய்தவர்கள் தேர்ச்சியில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய பொருளெல்லாம் பயன்பட்டுத் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பள நெசவு ஓர் ஊரில் அற்றுப்போனாலும், பழைய கம்பளத்தைப் பிரித்துப் பார்த்து, முடிச்சை எண்ணி, மறுபடியும் நெய்யக் கற்றுக்கொள்ளலாம். பாய்க்கு அந்த வழியில்லை. அதன் நினைவு பொருளில் தங்குவதில்லை. மாமியாரின் கையிலிருந்து மருமகளின் கைக்கும், தாயின் கையிலிருந்து மகளின் கைக்கும் போவதொன்றுதான் அதற்கு வழி. இடையில் ஒரு தலைமுறை கையை எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

பத்தமடை திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகே, தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஊர். பத்து மடைகள் என்பதே பெயர்க் காரணம் என்பார்கள். ரிஷிகேசத்தில் மடம் நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊரும் அதுவே. அங்கே வாழ்ந்த லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்தவர்கள். என் வாப்பாவின் தமக்கை அங்கே வாழ்க்கைப்பட்டார். மாமி என்று அழைப்போம். பள்ளி விடுமுறைக் காலங்களில் நான் மாமி வீட்டில் கழித்த நாட்கள் பல. பாயைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில் அறிந்தது.

கோரை ஆற்றோரத்து ஈர நிலத்தில் விளைவது. அதன் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும், முற்றினால் முறியும். அறுத்ததைக் கத்தியால் நீளவாக்கில் வகிர்ந்து வெயிலில் உலர்த்துவார்கள். அந்த நேரத்தில் ஒரு மழை பெய்தால் போதும், கறுத்துவிடும். வானம் இருண்டால் தெருவே ஓடிவரும். யார் வீட்டுக் கோரை என்று பாராமல் எல்லாரும் அள்ளுவார்கள். அடுத்த வீட்டுக்காரியோடு ஆறு மாதமாகப் பேசாதிருந்த மாமி, மழை வந்த அந்தக் கால்மணி நேரத்தில் மட்டும் அவரோடு பேசியதை நான் பார்த்திருக்கிறேன். மழை விட்டதும் மறுபடியும் பேச்சில்லை!

சாதாரணப் பாய்க்கு இவ்வளவு போதும். மெல்லிய பாய்க்கு இனிமேல்தான் வேலை. உலர்ந்த கோரையைக் கட்டாகக் கட்டி ஓடுகின்ற நீரில் அமிழ்த்துவார்கள். ஒரு வாரம் வரைகூடக் கிடக்கும். தேங்கிய நீரில் போட்டால் அழுகிவிடும், ஓட்டம் வேண்டும். நீரில் கோரை பருத்து இளகும். எடுத்து மறுபடியும் உலர்த்தினால் நூல்போல் மெல்லியதாக வகிரலாம். இந்த வித்தையைத் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் நூறாண்டுக்கு முந்திய ஒரு லெப்பைப் பெரியவர் என்று ஊரார் சொல்வார்கள். நீரின் குணமும் அதற்குக் காரணம் என்பது மாமியின் உறுதியான கருத்து. வேறு ஊருக்குப் பெண் கொடுத்தால் இந்தப் பாய் அங்கே வராது, தாமிரபரணி கூட வராதே என்பார்.

சாயம் அந்நாளில் பெரும்பாலும் சப்பங்கி மரத்திலிருந்து வந்தது. அதன் கட்டையைச் சீவிக் கொதிக்க வைத்தால் செந்நிறம் இறங்கும். அரபு வணிகர்கள் 'பக்கம்' என்று பெயரிட்டு நம் கரைகளிலிருந்து ஏற்றிச் சென்ற சரக்கு இது. அதைப் போன்ற சாயமரம் தென்னமெரிக்காவில் காடுகாடாகக் கிடைத்ததால்தான் ஒரு நாட்டுக்கே பிரேசில் என்று பெயர் வந்தது. பாய்க்கரையின் சிவப்புக்கும் ஒரு நாட்டின் பெயருக்கும் இப்படியோர் உறவு! பின்னாளில் பொட்டலச் சாயம் வந்தது. அதன் சிவப்பு கண்ணைக் குத்தும்; சப்பங்கியின் சிவப்பு கண்ணை அழைக்கும். இது என் எண்ணம். வாங்குகிறவர்கள் பலர் முந்தியதையே விரும்பினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தறி தரையோடு தரையாக இருக்கும். பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக நீளும். நெய்பவர் பாவின் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் குந்தியிருப்பார். ஒரு நீண்ட குச்சியின் முனையில் கோரையைக் கோத்துப் பாவினூடே செலுத்தி, துளையிட்ட அச்சுக்கட்டையால் அடித்து நெருக்க வேண்டும். அடுத்த இழை மறுபுறமிருந்து. நெய்ய நெய்யப் பாய் வளரும். நெய்பவர் நகர்ந்துகொண்டே போவார். கோரை உலர்ந்து முறியாதிருக்க இடையிடையே நீர் தெளிப்பார்கள். பட்டுப் பாய் என்றால் இருவர் சேர்ந்து அமர்ந்தாலும் ஒரு மாதம் ஓடிவிடும். பெயர் வேண்டுமென்றால் கோரையின் சாயமிட்ட பகுதி சரியான இடத்தில் வந்து விழுமாறு இழைக்கு இழை கணக்கிட வேண்டும். மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மணமகன், மணமகள் பெயர்களைப் பாயில் பிழையின்றி நெய்வார். எழுத்து அவருக்கு ஒலியாகத் தெரியாது, எண்ணிக்கையாகத் தெரியும். 'ம' என்பது அவருக்கு இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை வெள்ளை.

எல்லா ஊரிலும் தறியில்தான் பாய் பிறக்கிறது என்பதில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் நம் சகோதரிகள் 'பன்' என்னும் புல்லைச் சாயமிட்டு, தறியே இல்லாமல் விரலாலேயே பாய் இழைப்பார்கள். மலேசியாவில் தாழை இலையை மூலைவாட்டில் முடைவார்கள். நெய்தல் வேறு, முடைதல் வேறு. இரண்டிலும் முதுகு வளைவது ஒன்றுதான்.

பத்தமடைக்குப் புகழ் சேர்த்த பாய் எது என்று கேட்டால் யாரும் பட்டுப் பாயைத்தான் சொல்வார்கள். 1953இல் பிரிட்டிஷ் அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் பரிசாகச் சென்றது என்ற செய்தியைச் சொல்லாத வீடு அங்கே இல்லை. 2013ஆம் ஆண்டை ஒட்டிப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அரசிக்குச் சென்ற பாயின்மேல் யாராவது படுத்திருப்பார்களா? ஒரு கண்காட்சியில் பத்தமடைப் பாயொன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துத் 'தொடாதீர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பார்வையாளர் அமரப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பார்த்துவிட்டுச் சும்மா வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்வது?

ஒரு தொழிலுக்குச் சோறு போடுவது ஒரு அரசியின் பரிசன்று. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பாய்கள் நைந்துபோவதுதான் அதற்குச் சோறு. என் இளமையில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ரமளானுக்கு முன்னர் புதிய பாய்கள் வாங்குவார்கள். வரிசைக்கு வரிசை நீளமாக நெய்த பாய்கள். பழையவை மதரஸாப் பிள்ளைகளுக்குப் போகும். அங்கே கிழிந்தவை கந்தூரிப் பந்தலுக்கும் மற்றவற்றுக்கும் போகும். ஷஅபான் பிறந்தால் மாமி வீட்டில் உறக்கமில்லை. கையில் காசு புழங்கும் மாதமும் அதுவே. பெருநாள் உடுப்பு அந்தக் காசில்தான் வந்தது. சுஜூதில் நெற்றி பட்டுப் பட்டுப் பாய் தேய்ந்தது. அது தேய்ந்ததால் பத்தமடைப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை கிடைத்தது.

பின்னர் எங்கள் பள்ளிவாசலுக்குக் கம்பள விரிப்பு வந்தது. வெளிநாட்டில் உழைத்த அன்பர்கள் நல்லெண்ணத்தோடு அளித்தது. முழங்கால் வலிக்கும் முதியவர்களுக்கு அது பேருதவி என்பதை நானே இப்போது நன்கு அறிவேன். குறை சொல்லமாட்டேன். வீடுகளுக்குப் பிளாஸ்டிக் பாய் வந்தது. அதையும் எத்தனை பேர் எத்தனை மேடையில் ஏசினாலும் பயனில்லை. விலை மலிவு, நனைந்தால் துடைத்துவிடலாம், கைக்குழந்தை உள்ள வீட்டில் அதன் அருமை தாய்க்குத்தான் தெரியும். கோடைக்காலத்து நடுப்பகலில் அதன்மேல் வெற்று முதுகோடு படுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் சிறுமையும் தெரியும். கோரை வியர்வையை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் திருப்பிக் கொடுத்துவிடும்.

மாமியின் மகள்வழிப் பேத்தி படிப்பில் சுட்டி. பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அவளைத் தறியில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்தாள். பிறகு பக்கத்துத் தெருவில் பீடி சுற்றப் போய்விட்டாள். மாமிக்குக் கோபம். எனக்குக் கடிதம் எழுதச் சொல்லி, நான் வந்து புத்தி சொல்ல வேண்டும் என்றார். போனேன். பெண் தலைகுனிந்து மெதுவாகக் கேட்டாள்: "மாமா, பீடி சுற்றினால் சனிக்கிழமை காசு கைக்கு வந்துவிடுகிறது. பாய் நெய்தால் யாராவது கலியாணம் முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். நம்ம பாயை இப்போது யார் வாங்குகிறார்கள், சொல்லுங்கள்." என்ன சொல்வது? அவள் கணக்கில் பிழையில்லை. புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னேன். கோரைத் தூசி மட்டும் ஆகுமா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். பின்னர் அவள் ஆசிரியைப் பயிற்சி பெற்று இன்று பள்ளியில் பாடம் நடத்துகிறாள். நல்ல முடிவு. ஆனாலும் 'ம' என்ற எழுத்தை எண்ணிக்கையாக அறிந்த ஒரு வழி அந்த வீட்டில் அவளோடு நின்றுவிட்டது.

நம்மைப் போலவே தரையில் அமர்ந்து பழகிய ஜப்பானியர் இதே சிக்கலை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. அவர்களுடைய பாய்க்குத் தத்தாமி என்று பெயர். நமது பாயைப்போல் சுருட்டி வைப்பதன்று. தடித்த அடித்தளத்தின்மேல் பாயைப் போர்த்தி அறையின் தரையாகவே பதித்துவிடுவார்கள். ஓர் அறை எவ்வளவு பெரியது என்று சொல்ல இத்தனை தத்தாமி என்பது அவர்கள் வழக்கம். மேலே போர்த்தும் பாய் 'இகுசா' என்னும் உருண்டைத் தண்டுப் புல்லால் நெய்யப்படுவது. அந்நாட்டில் விளையும் இகுசாவில் மிகப் பெரும்பகுதி குமாமோட்டோ மாவட்டத்திலிருந்து வருகிறது. நம்மவர் கோரையை ஆற்றில் ஊறவைப்பதுபோல, அவர்கள் அறுத்த புல்லைக் களிமண் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். நிறமும் மணமும் நிலைப்பதற்காக.

நாரா நகரத்தின் சோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பேரரசர் சோமுவின் கட்டிலில் விரித்த பாயின் எச்சத்தைக்கூடக் காத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது அதுவன்று. வீடுகளில் உள்ள தத்தாமியைச் சில ஆண்டுகள் சென்றதும் பாய்க்காரர் வந்து கழற்றி, மேற்பாயைத் திருப்பிப் போட்டுத் தைத்துத் தருவார். உட்புறம் அப்போது வெளிப்புறமாகும். அதுவும் தேய்ந்ததும் அடித்தளத்தை வைத்துக்கொண்டு மேற்பாயை மட்டும் புதிதாக மாற்றுவார்கள். தேய்வதற்கு ஒரு காலம், திருப்புவதற்கு ஒரு காலம், மாற்றுவதற்கு ஒரு காலம் என்று ஒழுங்கே அமைந்துவிட்டது. ஒவ்வொரு தேய்வும் ஒரு தொழிலாளியின் வருகை. அங்கும் மேல்நாட்டு முறையில் கட்டிய அறைகள் பெருகி, சீனத்திலிருந்து விலை குறைந்த பாய்கள் இறங்கி, இகுசா பயிரிடுவோர் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆயினும் பாயைத் திருப்பிப் போடும் அந்த வழக்கத்தை நாம் ஏன் அறியாமல் போனோம் என்று எண்ணிக்கொள்கிறேன். நம் கோரைப் பாய்க்கும் இரண்டு முகம் உண்டு. ஓரம் கிழிந்ததும் மூலையில் போடாமல், புதுத் துணி வைத்து ஓரம் தைக்கக் கொடுத்தால் இன்னும் சில ஆண்டுகள் வரும். தைக்கிறவருக்கும் நான்கு காசு கிடைக்கும்.

எங்கள் திருமணம் 1976இல் நடந்தது. மாமி நெய்து கொண்டுவந்த பாயில் என் பெயரும் என் மனைவியின் பெயரும் இருந்தன. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னவர் பலர். என் உம்மா மட்டும் முதல் நாளே விரிக்கச் சொல்லிவிட்டார்கள். பூட்டி வைத்தால் பூச்சி படுக்கும், விரித்தால் நீங்கள் படுப்பீர்கள் என்றார்கள். விரித்தோம். மூன்று பிள்ளைகள் அதில் தவழ்ந்தார்கள். நான் படுக்கும் பக்கத்தில் என் பெயர் முதலில் நைந்தது. இரண்டாம் எழுத்து போனது. பிறகு கடைசி எழுத்து. மனைவியின் பெயர் நெடுங்காலம் நின்றது. அவள் பாயில் கிடந்த நேரம் குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இப்போது அந்தப் பாய் இல்லை. மாமியும் இல்லை.

சென்ற ஆண்டு என் மகளின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. பத்தமடைக்குச் சென்றேன். மாமியின் மருமகள் இன்னும் தறியில் அமர்கிறார். அந்தத் தெருவில் அமர்கிறவர்கள் இப்போது சிலர்தான். வயது அறுபதைக் கடந்துவிட்டது. பாவுப் பலகையில் நெடுநேரம் குந்த முடியவில்லை என்றார். மூன்று மாதம் தவணை கேட்டார், ஒப்புக்கொண்டேன். கூலியும் அவர் சொன்னதே. பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும். இருந்தும் தாளைப் பாராமல், ஒவ்வோர் எழுத்தையும் சொல்லச் சொல்லி விரலில் எண்ணிக்கொண்டார்.

பிறகு கேட்டார்: "பிள்ளைகள் இதை விரித்துப் படுப்பார்களா மச்சான், அல்லது சுவரில் மாட்டுவார்களா?"

"ஏன் கேட்கிறாய்?"

"மாட்டுவதானால் ஓரத்துக்கு மெல்லிய பட்டுத் துணி போதும். பார்க்க அழகாயிருக்கும். இப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்."

"படுப்பதற்குத்தான்" என்றேன்.

"அப்படியென்றால் கெட்டித் துணியை இரண்டாக மடித்து வைக்கிறேன்" என்று சொல்லி, அளவெடுக்கும் கயிற்றைத் தேடி உள்ளே போனார்.